எந்த வெளிநாடு

எங்கள் தீவில் ‘வெளிநாடு’ என்றால் குளிர் நாடு. கனடா, பிரான்ஸ், சுவிஸ். ஆபிரிக்காவை யாரும் அந்தச் சொல்லுக்குள் சேர்ப்பதில்லை. என் அண்ணை அங்கேதான், ஒரு பெரிய அணை கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை செய்தார். புளியங்கூடலில் அவருக்குப் பெண் பேசியபோது அம்மா, “மகன் வெளிநாட்டிலை நிக்கிறான்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். பொய் இல்லைத்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்த அணையில் எனக்குப் பெரிய மோகம். கரம்பொன்னில் எங்கள் கிணறு உவர். தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று படித்து, பல்கலைக்கழகம் போனவள் நான். அண்ணை அனுப்பும் காணொளிகளில் கரை தெரியாத அளவுக்கு நல்ல தண்ணீர். மதகு எத்தனை, சுவர் எவ்வளவு உயரம் என்று விடாமல் கேட்பேன். அவர் வேறு கதை சொல்வார்.

“முந்தி இஞ்சை ஆறு ஓடிக்கொண்டிருந்ததாம். இப்ப கரையெல்லாம் தேங்கி நிக்குது. பின்னேரமானால் நுளம்பு. நாங்கள் தங்கிற காம்பிலை கிழமைக்கு ஒருத்தன் மலேரியாவிலை விழுறான்.”

“ம்.”

“குளிக்கிற பிள்ளையளுக்கு மூத்திரத்திலை ரத்தம் போகுது. கரையிலை நத்தை பெருகிப்போச்சாம், அதிலை இருந்து ஒரு புழு வருதாம். கேக்கிறீரோ, இஞ்சினியர் அம்மா?”

“ஓம், கேக்கிறன். அதிலை ஒரு வாய்க்காலை இஞ்சாலை வெட்டி விடுங்கோவன்.”

அவர் சிரித்தார். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. தண்ணீர் கூடினால் நோயும் கூடும் என்பது குடத்தோடு வளர்ந்த என் மண்டையில் ஏறவே இல்லை.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க அண்ணை ஊருக்கு வந்து சேர்ந்தார். பத்தாம் நாள் காய்ச்சல். நடுங்கினார், வேர்த்தார், எழும்பி இருந்து சோறு சாப்பிட்டார், மறுபடி நடுங்கினார். ஆசுபத்திரியில் சேர்த்தோம். ஊர் முழுக்க டெங்கு ஓடிய மாதம் அது.

இளம் டொக்டர் ஒருவர் வந்தார். “இவர் வெளியில எங்கையாவது...” என்று தொடங்கினார். கேள்வி முடியுமுன் பதில் சொல்வது என் பழக்கம்.

“வெளிநாட்டிலை இருந்து வந்தவர், டொக்டர். பத்து நாள்தான்.”

“அப்ப எங்கட வெயில் ஒத்துக்கொள்ளேல்லைப் போல.” எழுதிக்கொண்டே சிரித்தார்.

நானும் சிரித்தேன். கட்டிலின் மறுபக்கம், சுடுதண்ணீர்ப் போத்தலோடு, கலியாணப் பெண்ணின் தாய் நின்றார். அந்தத் தாய் போன பிறகு நாட்டின் பேரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் போனார். டொக்டரும் போயிருந்தார். டெங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அண்ணை காம்புக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. காய்ச்சலில் அண்ணைக்குத் தானே சொல்ல நினைவு தெளிவாக இல்லை.

நாலாம் நாள் இரத்தம் பார்க்கும் அக்கா ஒருவர் வார்டுக்கே நடந்து வந்தார்.

“இவர் எந்த நாட்டிலை இருந்து வந்தவர்?”

நான் சொன்னேன். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது மலேரியா. இஞ்சை இப்ப இல்லாத வருத்தம். அதுதான் ஒருத்தரும் தேடேல்லை.” குரலைத் தாழ்த்தினார். “முதல் நாளே நாட்டின்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே.”

பெரிய ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். மருந்தும் ஏற்றினார்கள். மூளைக்கு ஏறிவிட்டது, இனி ஏலாது என்று மறுநாள் மத்தியானம் சொன்னார்கள். பின்னேரம் அண்ணை போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவுக்கு முன்னரே சுகாதாரப் பகுதியினர் வந்தார்கள். கிணற்றிலும் தொட்டியிலும் அகப்பை விட்டு நுளம்புக் குடம்பிப் புழுக்களைத் தேடினார்கள். பிறகு எங்கள் விரல்களில் குத்தி ஒவ்வொரு துளி எடுத்தார்கள்.

“தம்பி, அவனிட்டை இருந்து எனக்கு வந்திருக்குமோ?” என்று அம்மா கேட்டார்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. இருந்தாலும் மருந்து இருக்கு. மூண்டு நாள் குளிசை போட்டால் சரி.”

“மூண்டு நாளோ?”

“ஓம். நேரத்தோடை தெரிஞ்சால் அவ்வளவுதான்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. விரலில் இரத்தம் நின்ற பிறகும் இருவரும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.