ஈரலைக் காட்ட விழுப்புரம்: ஒரு ஸ்கேனும் ஒரு போணி டீயும்

சென்ற புதன்கிழமை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சென்று என் ஈரலைக் காட்டி வந்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள் நான். எத்தனையோ தவளைகளைக் கிடத்தி ஈரலைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். என்னுடையதை யாரும் பிரிக்காமலே பார்க்க முடியும் என்று மருத்துவர் சொன்னபோது, தவளைகளுக்குக் கிடைக்காத சலுகை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரை நோய்க்கு இருபது வயது. இரத்தப் பரிசோதனையில் வந்த இரண்டு ஈரல் நொதிகளின் அளவு, தட்டணுக்களின் எண்ணிக்கை, என் வயது ஆகிய நான்கையும் மருத்துவர் ஒரு கணக்கில் போட்டார். விடை சந்தேகமாக இருந்தது. "ஃபைப்ரோஸ்கேன் எடுத்துடுங்க, ஊசி கிடையாது, கத்தி கிடையாது" என்றார். அந்த இயந்திரம் விழுப்புரத்தில் ஒரு தனியார் மையத்தில் இருக்கிறது. இதே காரணத்துக்காகப் பயணம் போக இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

தனியாகப் போகவில்லை. எனக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் ஏழுமலையும் வந்தார். வயிற்று வலிக்காக எடுத்த சாதாரண ஸ்கேனில் அவருக்கு "கொழுப்பு ஈரல், இரண்டாம் நிலை" என்று அறிக்கை வந்திருந்தது. அறிக்கையை வீட்டுக்கு எடுத்துச் சென்ற அன்றே மனைவி பூங்கொடி பெட்டியைக் கட்டிக்கொண்டு வளவனூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பூங்கொடியின் அப்பா குடித்து, வயிறு வீங்கி, ஈரல் கெட்டு இறந்தவர். அவளுக்குத் தெரிந்தவரை ஈரல் கெடுவதற்கு ஒரே வழிதான் உண்டு. ஏழுமலையோ குடிப்பதே இல்லை என்கிறார். மூன்று வாரமாக அவர் சொல்வதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

"மெஷினே சொல்லிடும் டீச்சரம்மா, நான் குடிக்கிறனா இல்லையான்னு. நீங்களே அவளுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க" என்றார். இயந்திரம் அப்படியெல்லாம் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். திருத்தாமலே போன் செய்தேன். உண்மையைச் சொன்னால் அவள் வரமாட்டாள். இதற்காக நான் பெருமைப்படவில்லை.

ஆட்டோவிலேயே போய்விடலாம் என்றார் ஏழுமலை. 38 கிலோமீட்டர் ஆட்டோவில் போனால் ஈரல் மிஞ்சும், முதுகெலும்பு மிஞ்சாது. காலை 8.10க்குப் புறநகர்ப் பேருந்து, டிக்கெட் ஆளுக்கு 34 ரூபாய். இடது பக்க சன்னலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வெயில் நேராக முகத்தில் விழும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி 9.15க்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த பூங்கொடி ஒரு தூணருகே நின்றாள். கணவனைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை.

நிலையத்திலிருந்து மையம் இரண்டரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் என்று பேசி ஏறினோம். வழியில் ஏழுமலை, தானும் திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வண்டி ஓரங்கட்டப்பட்டது.

"இன்னாண்ணே, மொதல்லயே சொல்லக் கூடாதா? நீங்கதான் எனக்கு இன்னிக்குப் போணி. டீ குடிக்காம உட்டா எனக்கு நாள் வெளங்குமா?" என்றார் அந்த ஓட்டுநர். நான் மையத்தின் முகவரிச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஏழுமலை கடை வாசலில் கடைசி மடக்கை விழுங்கிக்கொண்டிருந்தார். மணி 9.40. எங்கள் நேரம் பத்து மணிக்கு.

வரவேற்பில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

"நேத்து ராத்திரிம்மா" என்றார் ஏழுமலை.

"இப்பதான் டீ குடிச்சிட்டு வர்றாரு" என்றாள் பூங்கொடி. மூன்று வாரத்தில் கணவன் காதில் விழும்படி அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதானாம்.

"டீ சாப்பாடா?" என்றார் ஏழுமலை.

"சக்கரை போட்டதா சார்?"

"டீன்னா சக்கரை போட்டதுதானேம்மா."

மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்றும் 12.40க்கு மேல் வரும்படியும் அந்தப் பெண் சொன்னாள். பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். "பாருங்க டீச்சரம்மா, ஒரு டீக்கே பொய் சொல்றவரு மத்ததுக்கு உண்மையா சொல்வாரு?"

பதில் சொல்வதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். பரிசோதனை பற்றி: மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே களிம்பு தடவி, பேனா போன்ற ஒரு கருவியை அழுத்தி வைப்பார்கள். விரலால் சுண்டுவது போல் ஓர் உதறல். அப்படிப் பத்து உதறல்கள். அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இயந்திரம் அளக்கிறது. இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். முடிவில் இரண்டு எண்கள் வரும், ஒன்று இறுக்கத்துக்கு, மற்றது கொழுப்புக்கு. எட்டு நிமிடத்தில் முடிந்தது. வலி இல்லை. கட்டணம் 2,200 ரூபாய்.

வெளியே வந்ததும் எதிரே வேப்ப மரத்தடி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். கணவனும் மனைவியும் இரு ஓரங்களில், நான் நடுவில் சுவராக. இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டேன்: "பூங்கொடி, இந்த மெஷின் ஈரல்ல கொழுப்பு எவ்வளவு, ஈரல் இறுகியிருக்கான்னுதான் சொல்லும். எதனால வந்துச்சுன்னு சொல்லாது. குடிச்சும் வரும், குடிக்காமலும் வரும். எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கு. நான் என்ன சாராயக் கடையிலயா உக்காந்திருந்தேன்?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப என்னாத்துக்கு என்னை வரச் சொன்னீங்க?" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏழுமலையின் முகம் அப்படியே தொங்கிப்போனது. அவருடைய ஒரே சாட்சி அந்த இயந்திரம். அதை நான் கலைத்துவிட்டிருந்தேன்.

அவளை நிறுத்துவதற்காக அல்ல, பழக்கதோஷத்தால் ஆய்வகத்தில் மாணவனைக் கேட்பது போல் ஏழுமலையைக் கேட்டேன். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயில என்னென்ன போடறேப்பா? ஒண்ணு விடாம சொல்லு."

"எங்க ஸ்டேண்டுல மொத்தம் ஒம்பது வண்டி டீச்சரம்மா. எவன் மொத சவாரி முடிச்சிட்டு வர்றானோ அவன் எல்லாருக்கும் டீ சொல்லணும். போணி டீ. ஒவ்வொருத்தனும் அவனவன் போணிக்குச் சொல்வான்."

"அப்ப ஒன்பது டீ?"

"வேணாம்னா போணி போட்டவன் மூஞ்சியில அடிச்சாப்ல. நாள் பூரா பேஜாரா பூடும் அவனுக்கு."

"சர்க்கரை?"

"தூக்கலாத்தான். டீயோட ரெண்டு பிஸ்கட்டு. நாலு மணிக்குப் போண்டா. எட்டு மணிக்கு வண்டிய ஓரங்கட்டறப்போ பசங்களோட நாலு பரோட்டா."

பூங்கொடி பையை மாட்டியபடியே நின்றாள். "அதான் வூட்டுக்கு வந்தா பசிக்கலன்னு படுத்துக்கினியா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "ஆமா. பரோட்டா துன்னேன்னு சொன்னா திட்டுவ இல்ல."

"கேப்பைக் களியும் கீரையும் பண்ணி வச்சிக்கினு நான் குந்திக்கினு இருப்பேன் டீச்சரம்மா. பசிக்கலம்பாரு. எங்கப்பனும் அப்பிடித்தான், குடிச்சிட்டு வந்து பசிக்கலன்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும்." அவள் குரல் இறங்கியது. "எனக்குத் தெரிஞ்ச 'பசிக்கல' அது ஒண்ணுதான்."

சற்று நேரம் கழித்து அவள் பெஞ்சின் அதே ஓரத்தில் உட்கார்ந்தாள். பை மட்டும் தோளிலேயே இருந்தது.

12.45க்கு ஏழுமலையை அழைத்தார்கள். துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றதும் பூங்கொடி எழுந்தாள். நான் அழைக்கப்படாமலே பின்தொடர்ந்தேன். பரிசோதிக்கும் இளைஞர் படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். சர்க்கரை? இல்லை. இரத்த அழுத்தம்? இல்லை. குடிப்பழக்கம்?

ஏழுமலை மூன்று வாரமாக எல்லோரிடமும் ஓயாமல் சொல்லிவந்த பதிலைச் சொல்லாமல் மனைவியைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள் பூங்கொடி. "அவுரு குடிக்க மாட்டாரு. டீதான். ஒரு நாளைக்கு ஒம்பது. அதையும் எழுதிக்கோங்க."

அப்படி எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. ஆனாலும் அந்த இளைஞர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மையத்தின் மருத்துவர் முடிவுகளைப் படித்தார். ஏழுமலைக்குக் கொழுப்பு 312, அதிகம். இறுக்கம் 5.4, ஈரல் இன்னும் இறுகவில்லை. உணவைத் திருத்தி, நடந்து, எடையைக் குறைத்தால் கொழுப்பு இறங்கும் என்றார். எனக்கு இறுக்கம் 8.9. எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறது, மேலும் சில சோதனைகள் தேவை, ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் போண்டாவை விசாரித்தவளின் நிலைமை இதுதான்.

2 மணிக்குப் பேருந்து நிலையம் வந்தோம். பூங்கொடி வளவனூர் பேருந்தை நோக்கி நடந்தாள். ஏழுமலை அசையாமல் நின்றார். படிக்கட்டில் ஏறியவள் திரும்பினாள்.

"இன்னாய்யா அப்பிடிப் பாக்கற? குக்கரு எங்கண்ணன் வூட்ல இருக்கு. அது இல்லாம என்னாத்துல சமைக்கிறது? எடுத்துக்கினு சாயந்தரம் வர்றேன். நம்மூரு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டிய எடுத்துக்கினு ஜல்தியா வந்து சேரு."

திரும்பும் வழி முழுக்க ஏழுமலை தூங்கினார். நான் என் 8.9ஐ வைத்துக்கொண்டு சன்னல் வழியே கரும்பு வயல்களைப் பார்த்தேன்.

போக இருப்பவர்கள் கவனிக்க: காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், இரவு உணவோடு நிறுத்திக்கொண்டு வெறும் வயிற்றோடு போய்விடலாம். மூன்று மணி நேரம் எதுவும் கூடாது என்றால் டீயும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ, இதயத்தில் கருவி பொருத்தியிருந்தாலோ, வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த எண்ணை மட்டும் தனியாக வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. சிலருக்கு இதற்குப் பிறகும் ஊசி குத்தி ஈரல் திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், எல்லோருக்கும் அல்ல. ஒல்லியாக இருப்பவர்களும் குடிக்காதவர்களும் தங்களுக்கு வராது என்று இருந்துவிட வேண்டாம்.

துணைக்கு வருபவரை அறைக்கு வெளியே உட்கார வைக்காதீர்கள். உள்ளே கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்காவது உங்களைவிட அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்குத் தேவைப்படும்.