கால் பட்ட ஆட்டம்

கோணல் எழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிக்கவும்; ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை.

திருப்பதியில் எனக்கு ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக்கு நடுவர் தேர்வு; ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். பிடியில் சிக்கியவர் எதிராளியை இரண்டு தரம் தட்டினால் தோல்வி. நடுவர் உடனே நிறுத்த வேண்டும்.

என் ஆட்டத்தில் பிடியில் சிக்கியிருந்த புத்தூர்க்காரரின் கால் எதிராளி முகத்தில் பட்டது. புத்தூர்க்காரர் பதறிப்போய் அவரை இரண்டு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரியாதைதானே என்று நான் நிறுத்தவில்லை. எதிராளியோ ஜெயித்ததாக நினைத்துப் பிடியை விட்டார்.

"ஏன்யா நிறுத்தல?" என்று தலைமை நடுவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"காலு பட்டுச்சி சார், கும்புட்டுக்கினேன்!" என்றார் புத்தூர்க்காரர்.

"கும்புடறதுக்கு மலைக்குப் போ! இங்க தட்டுனா தோல்விதான்."

தேர்வில் தோற்றேன்.

எரிச்சலோடு சித்தூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர்மேல் என் கால் பட்டது. கை தானாகப் போய் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது.

எழுதியது: ஆடி பதினெட்டு.