எவ்வளவு சிறிதாயினும்

படுக்கையறைச் சீலிங்கில் அந்தக் கறையை முதன்முதல் கண்டபோது எனக்குச் சந்தோசம் வந்தது. சாப்பாட்டுக் கோப்பையளவு மஞ்சள் வட்டம், அக்காவின் கட்டிலுக்கு நேர் மேலே. அக்கா ஐயோ என்று கத்தினாள். நான் பக்கத்தில் நின்று, மேல் வீட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். குளியலறை. அதுவும் அவருடைய குளியலறை. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. நானும் அக்காவும் நான்காம் மாடி. இரண்டு பேருக்கும் கலியாணம் இல்லை, அதைப் பற்றி இனி யாரும் கேட்பதும் இல்லை. ஐந்தாம் மாடிக்கு அவர் போன வருடம்தான் குடிவந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர். தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் என்று யார் எங்கே பேச்செடுத்தாலும் அவரைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். அந்தப் பொன்னாடையில் ஒரு முழமாவது எனக்குரியது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. கதை, கவிதை இல்லை. நீர்ப்பம்பியோடு வரும் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், கொச்சிக்கடைப் பண்டகசாலைகளில் இரசாயனப் பீப்பாய்களில் ஒட்டும் எச்சரிக்கை. இந்த வேலையில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், தமிழில் ஒவ்வொரு துறையும் தனித்தனி நாடு. லீக் என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயுக்காரர் கசிவு என்பார். மின்சாரப் பாடப்புத்தகம் பொசிவு என்னும். பைப் பூட்டுபவருக்கு அது ஒழுக்கு. கொட்டாஞ்சேனையில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர் லீக் என்றே சொல்லி முடித்துவிடுவார். சொல் மட்டும் வேறு என்றால் போகட்டும் என்று விடலாம். அளவும் வேறு. பைப்காரருக்குச் சொட்டு விழுந்தால்தான் ஒழுக்கு. குளிர்சாதனப் பெட்டிக்காரருக்குச் சவர்க்கார நுரையில் ஒரு குமிழ் வந்தாலே போதும்.

ஒரு தொழிற்சாலையில் ஒரே சுவரில் இரண்டு அறிவித்தல் தொங்கக் கண்டேன். ஒன்று, கசிவு கண்டால் உடனே வெளியேறு என்றது. மற்றது, பொசிவு கண்டால் மேற்பார்வையாளருக்கு அறிவி என்றது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். வேறு வேறு ஆட்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளை ஓட வேண்டுமா, நின்று ஆளைத் தேட வேண்டுமா? அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நான் கலைச்சொற் குழுவில் சேர்ந்தேன்.

எல்லாத் துறைக்கும் பொதுவாகச் சொற்களை ஒழுங்குபடுத்துவதற்கென்று அமைத்த குழு அது. தலைவர் அவர். பெண் என்று நான் ஒருத்திதான். சனிக்கிழமைக் காலைகளில் கூடுவோம். தேத்தண்ணீர் வரும், ரோல்ஸ் வரும். வந்ததும் தட்டை என் பக்கம் தள்ளி, "தங்கச்சி, எல்லாருக்கும் குடுங்கோ" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர்கள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார்கள்.

கசிவு என்ற சொல் வந்த அன்று நான் ரோல்ஸ் தட்டைத் தொடவில்லை. எழுதிக் கொண்டுபோனதை எழுந்து நின்று வாசித்தேன். "கசிவு: தன் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டிய திரவமோ வாயுவோ மின்னோ, எவ்வளவு சிறிதாயினும், அந்த எல்லையைத் தாண்டுதல்." இந்த ஒரு வரிக்காக நான் ஆறேழு தொழிற்காரர்களிடம் அலைந்திருந்தேன். ஒரு துறையின் அளவை இன்னொரு துறை ஏற்காது. ஆகவே அளவை வரைவிலக்கணத்துக்குள் வைக்கக் கூடாது, எல்லையைத்தான் வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தது நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, எவ்வளவு சிறிதாயினும் எண்டால் என்ன அளவு? இது குசினிக் கதை. வீட்டுப் பைப்பையும் ஃபக்டரி வாயுவையும் ஒண்டாக்கினால் உலகம் சிரிக்கும்" என்றார். உலகம் சிரிக்கும்வரை காத்திருக்காமல் மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

பிறகு அவருடைய அகராதி வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்குப் போய் என் காசைக் கொடுத்து வாங்கினேன். கல்கிசை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கசிவைத் தேடிப் பிடித்தேன். என் வரி அப்படியே இருந்தது. அவர் குசினிக் கதை என்று தள்ளிய 'எவ்வளவு சிறிதாயினும்' என்ற இரண்டு சொற்களும் இருந்தன, முன்னும் பின்னும் நான் போட்ட காற்புள்ளிகளோடு. முன்னுரையில், எவருடைய துணையும் இன்றித் தாமே யாத்த வரைவிலக்கணங்கள் என்று எழுதியிருந்தார். பின்னட்டையில் அவருடைய படம். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு கல்கிசை வரை போய்த் திரும்பி வந்தேன்.

எல்லாரும் விடச் சொன்னார்கள். ஒரு வரிதானே என்றார்கள். நான் விடவில்லை. வன்மத்தை நான் பிள்ளை மாதிரி வளர்த்தேன், வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டேன். நான் எழுதியது என்று நாலு பேருக்கு முன்னால் அந்த மனிதர் வாயால் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்படியிருக்க, அவரே வந்து என் தலைக்கு மேல் குடியேறினார். முதல் நாள் லிப்டில் சந்தித்தபோது, "எந்த மாடி தங்கச்சி?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த ஆளுக்கு என்னை ஞாபகமே இல்லையா என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. புது வீட்டுக் குடிபூரலுக்கு அக்கா இழுத்துக்கொண்டு போனாள். ஹோல் அலுமாரியில் அகராதி வரிசையாக அடுக்கியிருந்தது. வந்தவர்களை எல்லாம் அவர் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பழைய ரைல்ஸை இடித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து இறக்கிய மாபிள். மகன் அனுப்பியதாம். காலால் தட்டித் தட்டிக் காட்டினார். கறை வந்தது அதற்குப் பிறகுதான்.

கூப்பிட்டதும் இறங்கி வந்து பார்த்தார், வர மறுக்கவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது லீக் இல்லை. ஈரலிப்பு. கடல் காத்துக்கு எல்லா வீட்டிலயும் இருக்கும்" என்றார்.

"கறை பெருக்குது, சேர்" என்றாள் அக்கா.

"ஒரு சொட்டு விழுந்திருக்கோ? சொட்டாத ஒண்டை லீக் எண்டு எந்த எஞ்சினியரும் சொல்லமாட்டான்."

அவருடைய அகராதியில் இருக்கும் வரி இதற்கு நேர்மாறு. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஓம் சேர்" என்றேன். இந்த ஒரு படுக்கையறையில், அக்கா மட்டும் கேட்க, அதை வீணாக்க எனக்கு மனமில்லை.

எங்கள் தொடர்மாடிச் சங்கத்துக்கு விதிகள் உண்டு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கசிவு ஏற்பட்டால் மேல் வீட்டுக்காரர் தன் செலவில் உடைத்துத் திருத்த வேண்டும். ஈரலிப்பு என்றால் அவரவர் பாடு. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நான் யாருக்கும் முறைப்பாடு செய்யவில்லை. கறை வளர்வதைப் படுத்திருந்து பார்த்தேன். அக்காவின் கட்டிலை ஹோலுக்கு இழுத்தோம். அவளுக்கு மூட்டு வருத்தம், பிரிட்ஜ் சத்தத்தில் நித்திரையும் இல்லை.

"உனக்குச் சீலிங் வேணுமோ, அந்தாளின்ர மானம் வேணுமோ?" என்று கேட்டாள்.

"ரெண்டும்" என்றேன்.

கூட்டம் ஞாயிறு காலை, கீழே கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் கதிரைகளில். சங்கச் செயலாளர் இரண்டாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் வியாபாரி, ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். என் முறைப்பாட்டை அவர் வாசித்ததும் பொறியியலாளர் எழுந்தார். மேடைப் பழக்கம் விடுமா? கறைக்கும் கசிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவே செய்தார். முடிவில் என் பக்கம் திரும்பி, "சொட்டாததைக் கசிவு எண்டு எந்த நூலில இருக்குது, தங்கச்சி?" என்றார்.

இந்தக் கேள்வியை அவரே கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கைப்பையிலிருந்து அகராதியை எடுத்தேன்.

"உங்கட நூலில, சேர்."

வாசித்தேன். சிங்கள வீட்டுக்காரருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னேன். எவ்வளவு சிறிதாயினும் என்ற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தரம் வாசித்தேன். செயலாளர் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைப் பார்த்தார். "சேர், இது ஒங்கட புஸ்தகம்தானே? படமும் ஒங்கடதான் இரிக்கி" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவருக்கு முன்னால் இரண்டே வழிதான் இருந்தது. அந்த வரைவிலக்கணத்தை நான் ஏற்கவில்லை, அது இவ எழுதினது என்று சொன்னால் மாபிள் தப்பும். என்னுடையதுதான் என்றால் மாபிள் போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு வெற்றி. ஆனால் எனக்கு எது வேண்டும் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவ எழுதினது என்று சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"என்ர வரைவிலக்கணம்தான்" என்றார். "நான் எழுதினது. உடைக்கிறன்."

கை தட்டினார்கள். கொள்கைக்காரர் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூக்குடைபட வேண்டிய இடத்திலும் அந்த மனிதர் ஒரு பொன்னாடையைச் சம்பாதித்துவிட்டார்.

மேசன் வந்த காலை நான் படியேறி மேலே போனேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. குளியலறை வாசலில் மேசன் சுத்தியலோடு குந்தியிருந்தார். பொறியியலாளர் சாரத்தோடு பக்கத்தில் நின்று அந்த மாபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது நோகிறது என்று கண்ணால் கண்டேன். கண்டதும் எனக்கு இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"சேர், இவரைத் திருப்பி அனுப்பலாம்" என்றேன். "சீலிங் எப்பிடியும் போகட்டும். நாங்கள் ஹோலில படுக்கிறம். அடுத்த கூட்டத்தில ஒரு வசனம் சொல்லுங்கோ. அந்த வரி இவ எழுதினது எண்டு. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். உங்களுக்கு என்னை ஞாபகம் இல்லையெண்டால் என்ர பெயரையும் நானே எழுதித் தாறன்."

"ஞாபகம் இருக்குது" என்றார். "லிப்டில கண்ட அண்டைக்கே ஆரெண்டு தெரியும்."

பிறகு மேசன் பக்கம் திரும்பி, "பாஸ், பட்டன் கன்ன" என்றார். சிங்களத்தில் தொடங்கச் சொன்னார்.

நான் கீழே வந்து, கட்டில் இல்லாத அந்த அறையில் நிலத்தில் இருந்தேன். முதல் அடி விழுந்தது. சீலிங்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் என் தலையில் கொட்டியது. அக்கா ஹோலிலிருந்து வெளியே வரும்படி கூப்பிட்டாள். மகன் அனுப்பிய மாபிளை உடைக்க அந்த மனிதருக்கு மனம் வந்தது. என் பெயரைச் சொல்ல வரவில்லை. மேலே அடி விழ விழ, உடையட்டும், நல்லாய் உடையட்டும் என்று சொல்லிக்கொண்டு, தூள் கண்ணுக்குள் விழுவதையும் துடைக்காமல் நான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன்.