வாத்து கருகுதுன்னு சொன்னது யாரு

"மூஞ்சி என்னோடது. குரல் எந்தக் கழுதையோடது?"

லபீப் மாமா இதைச் சொல்லாத நாள் கிடையாது. பல் விளக்கும்போது சொல்வாரு, வெண்டைக்காய்க்குப் பேரம் பேசற நடுவுல சொல்வாரு. எங்கம்மா கல்யாண வீடியோவுலயும், பின்னாடி நின்னுட்டு யாருக்கோ இதைத்தான் சொல்லிட்டிருக்காரு.

மாமா கெய்ரோ டிராம்ல கண்டக்டர். ஆனை மாதிரி உடம்பு. காலித் தண்ணித் தொட்டிக்குள்ளேருந்து பேசற மாதிரி குரல். "டிக்கெட்"னு ஒரு தடவை சொன்னா, கடைசிப் பெட்டியில தூங்கறவன் கூட பாக்கெட்டைத் தடவுவான். ஒரு நாள் அந்த டிராம்ல வந்த டைரக்டர் ஒருத்தர் மாமாவோட உடம்பையும் புருவத்தையும் பார்த்துட்டு, 'ஆறாவது மருமகன்'னு ஒரு படத்துல பக்கத்து வீட்டுக்காரனா நிக்க வெச்சாரு.

மாமனாருக்குப் பயந்து ஆறு மருமகனும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில ஒளிஞ்சிருப்பாங்க. மாமா கதவைத் திறந்துட்டு வருவாரு. குனிஞ்சு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பாரு. "நான் ஒண்ணும் பாக்கல. ஆனா வாத்து கருகுது." அவ்வளவுதான். ஊரே சிரிச்சுது. ஏன்னா, அந்த ஆனைக்குள்ளேருந்து கொசு மாதிரி ஒரு குரல் வருது.

அந்தக் காலத்துல படத்தை எடுத்துட்டு, குரலைத் தனியாத்தான் சேர்ப்பாங்க. எங்க ஊர்ல வார லீவு வெள்ளிக்கிழமைதானேன்னு, குரல் கொடுக்க அன்னிக்கு ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அது பெரிய வெள்ளி, ஏசுவைச் சிலுவையில அறைஞ்ச நாள். நாங்க கிறிஸ்தவங்க, அன்னிக்கு முழுக்க கோயில்லதான் நிப்போம். மாமா போகல. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பல. "எனக்காக நிறுத்தி வைப்பாங்கன்னு நெனச்சேன்"பாரு. அவங்க டீ கொண்டு வந்தவனைப் பேச வெச்சு வேலையை முடிச்சுட்டாங்க.

படத்துல ஓட்டைக்குக் குறைச்சல் இல்ல. மாமியார்க்காரி உருகி உருகி அழும்போது, பின்னால இருக்கற கண்ணாடியில கேமராக்காரன் ரொட்டி தின்னுட்டு நிப்பான். மூணாவது மருமகனுக்கு ஒரு சீன்ல மீசை இருக்கும், அடுத்ததுல இருக்காது, சூப் குடிக்கறதுக்குள்ள திரும்ப முளைச்சுடும். ஆனாலும் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், ஷம்மல் நசீம் பண்டிகைக்கு, டிவியில போட்டுடுவான். எங்க ஷுப்ரா பேட்டை முழுக்க உப்புல ஊறவெச்ச ஃபசீக் மீன் நாத்தம், வெங்காயத்தாள், இந்தப் படம். வாத்து சீனுக்குத் தெருவே மூச்சைப் பிடிச்சுக்கும், அப்புறம் எல்லா ஜன்னல்லேருந்தும் ஒரே சிரிப்பு. மாமா மட்டும் எழுந்து பால்கனிக்குப் போயிடுவாரு.

நான் கொசுக் குரல்ல அதைச் சொல்லிக் காட்டினா செருப்பு பறந்து வரும். அவரோட குரல்லயே சொன்னா, "யாருடா கீரோ, அந்த ஆம்பளைச் சிங்கம்?"பாரு.

இன்ஸாஃப் மாமி விடமாட்டாங்க. "உங்க குரல்ல சொல்லியிருந்தா வாத்தே பயந்து எழுந்து ஓடியிருக்கும். எவன் சிரிப்பான்?"

"சிரிச்சிருப்பாங்கடி."

"டிராம்ல யாராவது சிரிச்சாங்களா?"

போன குளிர்காலம் மாமா தொண்டையில கட்டி வந்துது. ஈஸ்டர் நெருங்கறப்ப, குரல்வளையை எடுத்தா உயிர் நிக்கும், குரல் நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஆஸ்பத்திரிக்கு அவரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவாரு.

"வர்ற வெள்ளியே செஞ்சுடலாம் லபீப் சார்."

"பெரிய வெள்ளி டாக்டர். கோயிலுக்குப் போகணும்."

"இது தள்ளிப் போடற விஷயமில்ல. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு மாட்டாரு. எங்க மாமியார் கோவிச்சுப்பாங்க."

படியில இறங்கும்போது மாமி கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "எங்கம்மா செத்தே எத்தனை வருஷமாச்சு. நிஜத்தைச் சொல்லுங்க."

மாமா கைப்பிடிச் சுவரைப் பார்த்துட்டே சொன்னாரு. "திங்கட்கிழமை படம் போடுவான். டிவி சத்தத்தை நிறுத்திட்டு நானே சொல்றேன். ஒரே ஒரு தடவை. சிரிக்கறாங்களான்னு பார்த்துக்கறேன். அப்புறம் அறுத்துக்கட்டும்."

"வாத்துக்காகவா உயிரை விடறீங்க?"

"வாத்துக்காக இல்லடி."

பெரிய வெள்ளி பூசை முடிஞ்சதும், பட்டினியை முடிக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு வாய் காடி, அதான் வினிகர், குடிப்போம், சிலுவையில ஏசுவுக்குக் கொடுத்தது அதுதானே. மாமி கோப்பையைப் பிடுங்கப் போனாங்க. "அவரே குடிச்சாரு, நான் என்ன பெரிய இவனா?"ன்னு மாமா ஒரே மடக்கா குடிச்சாரு. சனிக்கிழமை காலையில குரல் இல்ல. வெறும் காத்து. கட்டிதான் காரணம், காடி இல்லன்னு டாக்டர் பின்னாடி சொன்னாரு. மாமி இன்னும் நம்பல.

திங்கட்கிழமை வீடு நிறைய ஆளு. மாமாவே ரிமோட்டை எடுத்து சத்தத்தை நிறுத்தினாரு. அவரு மூஞ்சி கதவைத் திறந்துட்டு வந்துது. குனிஞ்சு பார்த்துது. சோபாவுல மாமா வாயைத் திறந்தாரு. ஒண்ணும் வரல. திரும்பி என்னைப் பார்த்தாரு.

நான் சொன்னேன். அந்தத் தொட்டிக் குரல், அந்த இழுப்பு, 'ஆனா'வுக்கு முன்னாடி அவரு மூக்கை உறிஞ்சறது உட்பட. "நான் ஒண்ணும் பாக்கல. ஆனா வாத்து கருகுது."

ஒருத்தரும் சிரிக்கல. மாமி வெங்காயத்தாளைக் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. கீழ் வீட்டுலேருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வந்துது, அவங்க டிவியில கொசு பேசியிருக்கும்.

மாமா விரலை ஆட்டி என்னைக் கூப்பிட்டாரு. அதுக்கடுத்த வெள்ளி டாக்டர் அறுத்துப் பார்த்துட்டு, ஒண்ணும் செய்ய முடியாம திரும்பத் தைச்சுட்டாரு. வெயில் காலம் வர்றதுக்குள்ள மாமா போயிட்டாரு. நடுவுல யாருகிட்டயும் எதுவும் பேசல. அதனால, அந்தத் திங்கட்கிழமை என் காதுக்குள்ள அவரு ஊதினதை ஒரு வார்த்தை விடாம சொல்றேன்:

"கீரோ, அந்த டீக்காரன் பேசினப்ப ஊரே சிரிச்சுது. நீ என் குரல்ல பேசற, ஒரு கழுதையும் சிரிக்கல. அவன் பேசினதுதான்டா சரி. உங்க மாமிகிட்ட மட்டும் சொல்லாத. சத்தத்தைக் கூட்டு."