நுரை பார்க்கிற வேலை

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைக்காரரை எல்லோரும் 'கூலிங் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். வீடு வீடாகக் கதவைத் தட்டி வேலை கேட்டு, தனியாளாகக் கடை போட்டு, பக்கத்துக் கடையையும் வாங்கி நடுச்சுவரை இடித்தவர். சும்மா சொல்லக்கூடாது, அவர் கைபட்ட மெஷின் மறுபடி படுத்ததில்லை. இதை ஊரே சொல்லும். ஊர் மறந்தால் அவரே சொல்வார்.

மேற்கொண்டு என்ன படிப்பது என்று முடிவெடுக்கிற வயசுப் பிள்ளைகளை, உயர்நிலைப் பள்ளியிலிருந்து வருஷா வருஷம் தொழில் பார்க்க அனுப்புவார்கள். ஆஸ்பத்திரி, அச்சகம், வங்கி என்று பிரிந்து போவார்கள். அண்ணன் கடைக்கும் சிலர் வருவார்கள். அன்றைக்குக் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். தரையைக் கழுவிவிட்டு, நீல நெருப்பைச் சீற விட்டு, செம்புக் குழாய்களை ஒட்டிக் காட்டுவார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சாயங்காலம் அத்தனை பேருக்கும் மெக்கானிக் ஆசை வந்துவிடும்.

இந்த வருஷம் பிள்ளைகள் வருவதற்கு முன்பே, இதைக் கவனிக்கிற டீச்சர் தனியாக வந்தார்.

"அண்ணே, போன வருஷம் உங்களப் பாத்துட்டு ரெண்டு பேர் இந்த மெக்கானிக் படிப்புல சேந்தாங்க. ரெண்டு பேருமே பாதியில நின்னுட்டாங்க. ஒரு வருஷம் வீணாப் போச்சு."

"என் கடையில எல்லாம் நல்லாத்தானே காட்டினேன்?"

"அதான் தப்பு. தினமும் நெருப்பு பறக்கும்னு நெனச்சுட்டாங்க. இந்தத் தடவை சாதாரண நாளைக் காட்டுங்க. இல்லன்னா இனிமே உங்க கடைக்கு யாரையும் அனுப்ப மாட்டேன்."

அண்ணனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடமே தேடி வருகிற ரிப்பேர் கடை அந்த ஊரில் அவருடையது மட்டும்தான். அது போனால் அப்புறம் என்ன மரியாதை? கல்லாவில் உட்கார்ந்து போன் எடுக்கிற மனைவி சிரித்தார்.

"ஒரே ஒரு நாள் வாயையும் நெருப்பையும் அணைச்சு வச்சிருப்பீங்களா? பாத்துடலாம்."

ஐந்து பேர் வந்தார்கள். அண்ணன் தரையைக் கழுவவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் எங்கோ கேஸ் கசிந்துகொண்டிருந்தது. குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் கிளம்புகிறதா என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். இன்னும் பார்த்தார்கள். ஒருவன் கொட்டாவி விட, அது வரிசையாக அடுத்தவர்களுக்கும் போனது.

"எப்பவுமே இப்படித்தானா அங்கிள்?"

"எப்பவும் இல்லப்பா. சில நாள் இதைவிட மோசம். பின்பக்கம் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும்."

அவருக்குக் கை அரித்தது. பற்றவைக்கிற கருவி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு தடவை கொளுத்தினால் போதும், எல்லாக் கண்ணும் இவர் பக்கம் திரும்பிவிடும். எழுந்தேவிட்டார். கல்லாவில் மனைவி தொண்டையைச் செருமினார். அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

மூன்று பேர் வாசலுக்குப் போய் வண்டிகளை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கல்லாப் பக்கம் நகர்ந்து, போனில் கத்துகிற வாடிக்கையாளரை அண்ணி எப்படிச் சிரிக்க வைக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டான். ஒரு பெண் மட்டும் முட்டி போட்டு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இல்லன்னா அடுத்தது எங்க பாக்கணும் அங்கிள்?"

சாயங்காலம் வரை கசிவு அகப்படவில்லை. "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் போனபின் டீச்சர் வந்தார். "எத்தனை பேருக்குப் பிடிச்சுது?"

"ஒரு பொண்ணுக்கு. அதுவும் நாளைக்கு வந்து பாத்துட்டுதான் முடிவு சொல்லும்போல."

"மத்தவங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "தப்பிச்சிட்டாங்க டீச்சர். ஒரே நாள்ல நாலு பேரோட ஒரு வருஷத்தைக் காப்பாத்தின கடை வேற எங்கயாவது இருக்கா, சொல்லுங்க."

"மூணு பேர்தான் உங்க கணக்கு," என்றார் மனைவி. "ஒருத்தன் என்கிட்ட வந்து, இப்படிப் பேசுற வேலைக்கு என்ன படிக்கணும்னு கேட்டான். அவன் என் கணக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார். "அடுத்த வருஷமும் அனுப்பறேன். ரெண்டு பேரும் இருங்க."

அவர் படியிறங்கியதும், அண்ணன் நுரைக் கிண்ணத்தைக் கொட்டாமல், நாளைக்கு வேண்டுமென்று ஒரு தட்டால் மூடி வைத்தார்.