தண்ணீரில் நிற்பவர்களின் தொழில்

யுவஸ்ரீ காங்கேயத்துக்காரி. பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, சிங்காநல்லூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். கடலோரப் பெண்களின் உடல்நலம் அவளுடைய துறை. உறவுக்காரர்களுக்குச் சிரிப்பு. "மீனுக்கு ஊசி போடற வேலைங்களா, அம்மணி?"

இந்த வருடம் ஒரு கழிமுகக் கிராமம். அங்கே பெண்கள் மார்பளவு உப்புத் தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களிலும். ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் ஊர்களின் கழிவெல்லாம், நம் ஊர் உட்பட, அந்தத் தண்ணீரில்தான் போய் முடிகிறது. யுவஸ்ரீ முதலில் போன அன்றே ஒருத்தி அவளைக் குடிசைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தொடைப் புண்களைக் காட்டினாள்.

அந்த ஊருக்கு ஒரு பெண் மருத்துவர் தேவையா என்பது யுவஸ்ரீயின் அறிக்கையை வைத்துத்தான் சுகாதாரத் துறை முடிவு செய்யும். கணக்கெடுக்க நிறுவனத்தின் களப்பணியாளன் அபிலாஷும் மூன்று பையன்களும் போய்வந்தார்கள். இருநூற்றுப் பதினேழு படிவங்கள். இருநூற்றுப் பதினேழிலும் தொழில்: இல்லத்தரசி. நோய்: இல்லை.

"யார்கிட்டக் கேட்டீங்க, அபிலாஷ்?"

"ஊட்டுக்காரங்ககிட்டத்தானுங்க."

"புண்ணு இருக்கான்னுமா?"

"பொம்பளைங்களை நிக்க வெச்சு அதெல்லாம் கேக்கறது மரியாதையா இருக்காதுங்களே. ஆம்பளைங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

இயக்குநர் பாலகோபால் படிவங்களைப் புரட்டினார். "திங்கக்கிழமை அனுப்பியாகணும். ஒரு அடிக்குறிப்பு போட்டுரு, அம்மணி."

"புண்ணுக்கு அடிக்குறிப்புங்களா, சார்?"

"எதுக்கு இத்தனை கோவம்? பசங்க மரியாதையாத்தானே நடந்திருக்காங்க."

மரியாதை. அந்தச் சொல்லால் இருநூற்றுப் பதினேழு பேரையும் தண்ணீரிலிருந்து தூக்கி அடுப்படியில் உட்கார வைத்தாயிற்று. அடுப்படியில் இருப்பவளுக்கு உப்புத் தண்ணீர்ப் புண் எப்படி வரும்? அதனால் புண்ணும் இல்லை. மருத்துவரும் வேண்டியதில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை.

"அறிக்கையில இருந்து என் பேரை எடுத்துருங்க, சார்" என்றாள் யுவஸ்ரீ.

திங்கட்கிழமை காலை, அந்தக் கிராமத்துக்குப் போக, எழுதாத படிவங்களோடு சிங்காநல்லூரில் திருச்சி பஸ் ஏறினாள். கூடவே லோகப்பிரியா, செவிலியர் படிப்பு முடித்தவள். அபிலாஷும் வந்து நின்றான்.

"நானும் வரட்டுங்களா?"

"வாங்க. ஆம்பளைங்களைப் பேச்சுல புடிச்சு வெச்சுக்கங்க. உங்க மரியாதைக்கு அதான் சரியான வேலை."

ஒண்டிப்புதூர் தாண்டும்போது பாலகோபால் அழைத்தார். அறிக்கை போய்விட்டதாம். இறங்கித் திரும்பி வரச் சொன்னார்.

"நீங்க அனுப்புனது ஆம்பளைங்க சொன்னதுங்க, சார். பொம்பளைங்க சொல்றதை அதே முகவரிக்கு நான் அனுப்பறேன். ரெண்டையும் வெச்சுப் படிக்கட்டும்."