கல்லில் வெட்டிய இரண்டு எழுத்து

பட்டாபிராமில் கல்லறைக் கல் வெட்டுபவர் அவர். நெற்றி நிறையத் திருநீறு, புருவத்தில் கல்தூள். என் அப்பாவின் கல்லில், பெயருக்கு மேலே, ஆங்கில ‘P’யின் காலில் ‘X’ போட்டதுபோல் ஒரு குறியைச் சாக்பீஸால் வரைந்திருந்தார்.

“இது யாரோட இனிஷியல்? அழிச்சிடுங்க” என்றேன்.

“இங்கிலீஷ் இல்ல சார், கிரேக்கம். கிறிஸ்துன்ற பேர்ல மொத ரெண்டு எழுத்து. அந்தக் காலத்துல உங்காளுங்க கல்லறைல இத்தான் வெட்னாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அர்த்தம் தெரியாத எழுத்த நான் வெட்றதில்ல சார். ஃபாதராண்ட கேட்டுக்கினுதான் உளியத் தொடுவேன். கல்லுல தப்பாச்சுன்னா அழிக்க முடியுமா?”

வெட்டச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறுதான் சர்ச்சில் கவனித்தேன். நாற்பது வருடமாக நான் மண்டியிடும் பீடத்தின் துணியில் அதே குறி. அதைப் படிக்க எனக்குச் சொல்லித்தந்தது ஒரு திருநீற்று நெற்றி.